வீட்டுக்குள் சைக்கிள் பயிற்சி: எந்தச் செயலியை எடுப்பது?

பெங்களூரில் மே பிறந்ததும் சாயங்கால மழை தொடங்கிவிடும். விட்டு விட்டு அக்டோபர் வரை போகும். தண்ணீர் தேங்கிய சாலையில் குழி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் சைக்கிளை விடப் பயந்து, எங்கள் அல்சூர், மர்பி டவுன் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் வீட்டுக்குள்ளேயே டிரெயினர் வாங்கிப் போட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் முடிந்து அல்சூர் ஏரிப் பக்கம் டீ குடிக்க நிற்கும்போது யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அண்ணா, எந்த ஆப் நல்லா இருக்கும்?"

"முதல்ல உன்கிட்ட என்ன டிரெயினர் இருக்கு, அதைச் சொல்லு தம்பி" என்பேன்.

டிரெயினரில் மிதிப்பதைத் திரையில் சாலையாகவோ பயிற்சியாகவோ காட்டும் செயலி, கடைசியாக எடுக்க வேண்டிய முடிவு. கையில் என்ன கருவி இருக்கிறது, எந்தத் திரையில் பார்க்கப் போகிறீர்கள், எந்த நேரம் கிடைக்கும், எதற்காக மிதிக்கிறீர்கள் என்று தெரிந்துவிட்டால், பத்துச் செயலிகள் இரண்டாகக் குறைந்துவிடும். அந்த வரிசையிலேயே போவோம்.

முதலில் டிரெயினர்

சைக்கிளை நகராமல் நிறுத்தி, பின்பக்கம் சுமை கொடுப்பது டிரெயினர். பின்சக்கரத்தை ஓர் உருளையின் மேல் அழுத்தி வைக்கும் சாதா டிரெயினர்தான் விலை குறைவு. அதில் மின்னணு எதுவும் இருக்காது. அதற்காக அதைத் தூக்கிப் போட வேண்டாம். பின்சக்கர அச்சில் ஒரு வேக சென்சார் மாட்டினால் போதும். ஸ்விஃப்ட், டிரெயினர்ரோடு ஆகிய இரண்டு செயலிகளிலும் டிரெயினர்களின் பட்டியல் இருக்கிறது. உங்கள் மாடலைத் தேர்ந்தெடுத்தால், வேகத்தை வைத்து நீங்கள் எத்தனை வாட் சக்தியில் மிதிக்கிறீர்கள் என்று அவையே கணக்குப் போட்டுக்கொள்ளும். உத்தேசக் கணக்குதான். ஆனால் டயர் காற்றையும் உருளையின் இறுக்கத்தையும் தினமும் ஒரே அளவில் வைத்தால், போன மாதத்தைவிட இந்த மாதம் தேறியிருக்கிறீர்களா என்று காட்ட அது போதும். காற்றுக் குறைந்த அன்று எண் பொய் சொல்லும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

அடுத்தது ஸ்மார்ட் டிரெயினர். திரையில் மேடு வந்தால் இதில் சுமை தானாக ஏறும். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, செயினை நேராக டிரெயினரில் மாட்டும் வகை இருக்கிறதே, அதுதான் சத்தம் குறைவு, அளவும் சரியாகக் காட்டும். வாங்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். கேசட், அதாவது பின்பக்கப் பல்சக்கர அடுக்கு, கூடவே வருகிறதா? அது உங்கள் சைக்கிளின் கியர் எண்ணிக்கைக்குப் பொருந்துமா? எங்கள் குழுவில் ஒரு பையனிடம் இருந்தது பின்பக்கம் 9 பல்சக்கரம் உள்ள சைக்கிள். டிரெயினரோடு வந்ததோ 11. கியர் எதிலும் உட்காராமல் செயின் தாவிக்கொண்டே இருந்தது. வேறு கேசட் வாங்கி மாட்டும்வரை ஒரு வாரம் டிரெயினர் சும்மா கிடந்தது.

பெட்டியில் எஃப்டிஎம்எஸ் என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். உடற்பயிற்சிக் கருவிகள் ப்ளூடூத்தில் பேசிக்கொள்ளும் பொது மொழி அது. அது தெரிந்த டிரெயினர், நான் கீழே சொல்லப்போகும் செயலிகள் பெரும்பாலானவற்றோடு சண்டை போடாமல் சேர்ந்துகொள்ளும்.

ஜிம்மில் இருப்பதுபோல் கனத்த இரும்புச் சக்கரமும் திருகும் குமிழும் உள்ள ஸ்பின் பைக்தான் வீட்டில் இருக்கிறது என்றால், இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். சென்சார் இல்லாத பைக்கோடு மெய்நிகர் உலகச் செயலிகளால் எதுவும் செய்ய முடியாது. யூடியூபில் குளோபல் சைக்கிளிங் நெட்வொர்க் போட்டிருக்கும் பயிற்சி வீடியோக்கள் இலவசம். நெஞ்சில் கட்டும் ஹார்ட் ரேட் பெல்ட் ஒன்று வாங்கிக்கொண்டு மூன்று மாதம் அதைப் பார்த்து மிதியுங்கள். பழக்கம் நிலைத்துவிட்டால் பிறகு மேற்கொண்டு யோசிக்கலாம்.

திரையும் இணைப்பும்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

டிரெயினரும் சென்சார்களும் ப்ளூடூத், ஆன்ட் பிளஸ் என்று இரண்டு வழியில் பேசும். ஆன்ட் பிளஸ் வானொலி மாதிரி. ஒரே நேரத்தில் எத்தனை கருவி வேண்டுமானாலும் கேட்கலாம். ப்ளூடூத் அப்படியில்லை. பல டிரெயினர்கள் ஒரு நேரத்தில் ஒரே கருவியோடுதான் பேசும். ஐபோன், ஐபேட், ஆப்பிள் டிவி மூன்றிலும் ப்ளூடூத் மட்டும்தான். லேப்டாப் என்றால் ஆன்ட் பிளஸ் யுஎஸ்பி குச்சி ஒன்று செருகிக்கொள்ளலாம்.

நான் டிரெயினர் வாங்கிய மறுநாள் காலை. ஐந்தரை மணி. டிவியில் செயலியைத் திறந்தால் டிரெயினரைத் தேடுகிறது, தேடுகிறது, கிடைக்கவே இல்லை. பிளக்கைப் பிடுங்கி மாட்டினேன், ரௌட்டரை அணைத்துப் போட்டேன், செயலியை அழித்து மறுபடி ஏற்றினேன். ஆறரைக்கு வியர்வை வந்துவிட்டது, ஒரு மிதி மிதிக்கவில்லை. காரணம் என் சட்டைப்பையிலேயே இருந்தது. முதல் நாள் டிரெயினரைச் சரிபார்க்க அதன் கம்பெனிச் செயலியைப் போனில் போட்டிருந்தேன். போனின் ப்ளூடூத் டிரெயினரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. போனில் ப்ளூடூத்தை அணைத்த மூன்றாவது விநாடி டிவியில் டிரெயினரின் பெயர் வந்தது. டிரெயினர் கிடைக்கவில்லை என்று திரை சொன்னால், வீட்டில் வேறு எந்தக் கருவி அதைப் பிடித்துவைத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். இன்னொன்று, இணைப்பைப் போனின் அமைப்புகளில் போய்ச் செய்யக் கூடாது, செயலிக்குள்ளிருந்துதான் செய்ய வேண்டும்.

வாட் எண் நடுவில் பூஜ்யத்துக்கு விழுந்து விழுந்து எழுந்தால் அலைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று அர்த்தம். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் ப்ளூடூத்தும் ஆன்ட் பிளஸும் ஓடுகின்றன. லேப்டாப்பை வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். யுஎஸ்பி குச்சியை ஒரு நீட்டிப்பு வயரில் மாட்டி டிரெயினருக்குப் பக்கத்தில் தரையில் வையுங்கள். என் வீட்டில் ஒன்றரை மீட்டர் வயர்தான் இந்தத் தொல்லையைத் தீர்த்தது.

மெய்நிகர் உலகம் காட்டும் செயலிகளுக்கு ஓரளவு நல்ல கிராபிக்ஸ் வேண்டும். ஐந்தாறு வருட ஆபீஸ் லேப்டாப்பில் திணறும். கோடும் கட்டமும் மட்டும் காட்டும் டிரெயினர்ரோடு போன்றவை பழைய போனிலும் ஓடும்.

அறை

மின்விசிறி வாங்காமல் செயலி வாங்காதீர்கள். மிதிக்கும் உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ கால் பங்குதான் பெடலுக்குப் போகிறது, மீதி வெப்பம். 150 வாட் மிதிக்கிறவர் உடம்பிலிருந்து 450 வாட் அளவுக்கு வெப்பம் வெளியேற வேண்டும். சாலையில் எதிர்க்காற்று அதை வாங்கிக்கொண்டு போய்விடும். அறைக்குள் சீலிங் ஃபேன் போதாது. முகத்துக்கும் நெஞ்சுக்கும் நேராக ஒரு பெடஸ்டல் ஃபேன் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை தண்ணீர் வேண்டும். உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு நன்றாக இருக்கும். ஹேண்டில்பார் மேல் ஒரு துண்டு விரியுங்கள். வியர்வை உப்பு பட்டால் திருகாணிகள் துருப்பிடித்துவிடும்.

அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் கீழ்வீட்டையும் நினைக்க வேண்டும். காதுக்குக் கேட்கும் சத்தத்தைவிடத் தரை வழியாக இறங்கும் அதிர்வுதான் கீழே தொந்தரவு. எங்கள் கீழ்வீட்டு அம்மா மாடிப்படியில் நிறுத்தி, "ஏம்ப்பா, விடியக்காலைல மேலே மாவு மில்லு ஓடுதா?" என்று கேட்டார். அன்றைக்கே தடித்த ரப்பர் பாய் வாங்கிப் போட்டேன். டிரெயினரை அறையின் நடுவிலிருந்து நகர்த்திச் சுவரோரத்தில் வைத்தேன். இரண்டு நாள் கழித்து அவரிடமே போய்க் கேட்டேன். "இப்ப ஒண்ணும் கேக்கல" என்றார்.

அப்புறம் கரண்ட். நம் ஊரில் கரண்ட் போய் ஜெனரேட்டர் வருவதற்குள் பத்து விநாடி ஆகும். அதற்குள் டிரெயினரும் ரௌட்டரும் அணைந்துவிடும். சுமை சட்டென்று காணாமல் போனால் கால் வழுக்கும், ஜாக்கிரதை. ரௌட்டருக்கு மட்டுமாவது சின்ன யுபிஎஸ் போட்டால் பாதித் தொல்லை தீரும்.

எதற்காக மிதிக்கிறீர்கள்?

இனிமேல்தான் செயலிப் பெயர்கள். ஒவ்வொன்றும் ஒரு வகை மனிதருக்காகச் செய்தது.

தனியாக மிதித்தால் பத்து நிமிடத்தில் அலுத்துவிடும் ஆளா நீங்கள்? ஸ்விஃப்ட் பாருங்கள். ஆங்கிலத்தில் தேடும்போது முதல் எழுத்து எஸ் இல்லை, இசட். இல்லையென்றால் மாருதி கார் வந்து நிற்கும். வட்டோப்பியா என்ற கற்பனைத் தீவில் உலகம் முழுக்க உள்ளவர்களோடு ஓட்டலாம். பிரான்ஸின் ஆல்ப் துயேஸ் மலைப்பாதையை 21 கொண்டை ஊசி வளைவுகளோடு அப்படியே செய்து வைத்திருக்கிறார்கள். கூட்டு ஓட்டம், பந்தயம் எல்லாம் நாள் முழுக்க நடக்கும். ஆனால் நேரத்தைப் பாருங்கள். ஐரோப்பாக்காரர்கள் வேலை முடிந்து உட்காரும் மாலை ஆறு ஏழு மணி நமக்கு இரவு ஒன்பதரைக்கு மேல். நாம் எழும் காலை ஐந்தரை அமெரிக்காவுக்கு மாலையும் முன்னிரவும். விடியலில் எழுகிறவர்களுக்கு அமெரிக்கக் கூட்டம் துணை, ராத்திரி ஆட்களுக்கு ஐரோப்பியக் கூட்டம். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெரிய பந்தயங்களைத் தேடினால் ஏமாற்றமாக இருக்கும்.

அதே ஆசை இருக்கிறது, பணம் கட்ட மனமில்லை என்றால் மைவூஷ். அபுதாபியிலிருந்து வரும் செயலி, முழுக்க இலவசம். இலவசம் என்பதால் மட்டமாக நினைக்க வேண்டாம். உலக சைக்கிள் சம்மேளனத்தின் இ-ஸ்போர்ட்ஸ் உலகப் போட்டி 2020இல் முதன்முதலில் ஸ்விஃப்டில் நடந்தது, 2024இல் மைவூஷில் நடந்தது. அந்த 2020 பந்தயத்தில் ஆண்கள் பிரிவை வென்ற ஜெர்மனியின் ஜேசன் ஆஸ்போர்ன் துடுப்புப் படகு வீரர். பிறகு தொழில்முறை சைக்கிள் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. அறைக்குள் மிதிப்பது நிஜ மிதிதானா என்று யாராவது கேட்டால் நான் அவர் பெயரைச் சொல்வேன். ஸ்மார்ட் டிரெயினர் வைத்திருக்கும் புதியவர் யாராக இருந்தாலும் முதலில் மைவூஷில் ஒரு மாதம் ஓட்டுங்கள் என்பதுதான் என் யோசனை.

நிஜச் சாலை பார்க்கப் பிடிக்கும் என்றால் ரூவி. செக் நாட்டுக் கம்பெனி. உண்மையான சாலைகளை வீடியோ எடுத்து, அதன் மேல் உங்கள் உருவத்தை ஓட விடுகிறார்கள். வீடியோவில் மேடு வந்தால் டிரெயினரிலும் மேடு. முழங்கால் வலியால் நடைப்பயிற்சியை விட்ட என் அக்கா, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, இதில்தான் மிதிக்கிறாள். அவளுக்கு வாட்டும் வேண்டாம், பந்தயமும் வேண்டாம். "இன்னைக்கு எந்த ஊருடா போடப் போற?" என்று கேட்டுக்கொண்டேதான் சீட்டில் ஏறுவாள். அவளைக் கொண்டுபோய்ப் பந்தயச் செயலியில் உட்கார வைத்திருந்தால் ஒரு வாரத்தில் நிறுத்தியிருப்பாள்.

ஒரு குறிக்கோளோடு வருகிறவர்களுக்கு வேறு வழி. நந்தி மலையை நிற்காமல் ஏற வேண்டும், ஜனவரியில் 200 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும் என்று தேதி குறித்திருந்தால் டிரெயினர்ரோடு. இதில் காட்சி ஒன்றும் கிடையாது. நீல நிறக் கட்டங்கள் வரும், அந்த வாட்டில் மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். நேற்று எப்படி மிதித்தீர்கள் என்று பார்த்து நாளைய பயிற்சியை மாற்றித் தரும். என் அனுபவத்தில் கால் பலம் மிக வேகமாகக் கூடியது இதில்தான். காட்சி வேண்டுமென்றால் பக்கத்தில் டிவியில் கிரிக்கெட் போட்டுக்கொள்ளலாம். பயிற்சித் திட்டமும் வேண்டும், வீடியோவும் வேண்டும் என்பவர்களுக்கு வாஹூ சிஸ்டம் இருக்கிறது.

முதல் இரண்டு வாரம்

செயலியில் உங்கள் எடையை உள்ளபடி போடுங்கள். மேட்டில் வேகத்தை எடையை வைத்துத்தான் கணக்கிடுகிறது. நெஞ்சுவலி, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் அடுத்த பத்திக்குப் போக வேண்டாம்.

பத்து நிமிடம் மெதுவாக மிதித்துச் சூடானபின் டிரெயினரை அளவு திருத்துங்கள். வேகமாக மிதித்துவிட்டு, சக்கரம் தானாக நிற்கும்வரை கால் அசைக்காமல் இருக்கச் சொல்லும். புதிய டிரெயினர்கள் சில இதைத் தாங்களே செய்துகொள்ளும்.

அடுத்து எஃப்டிபி. ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப் பிடிக்கக்கூடிய வாட் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பயிற்சியும் இந்த ஓர் எண்ணை வைத்துத்தான் அமையும். ஒரு மணி நேரம் மிதித்துப் பார்க்கத் தேவையில்லை, ரேம்ப் டெஸ்ட் இருக்கிறது. ஸ்விஃப்டில் 100 வாட்டில் தொடங்கி நிமிடத்துக்கு 20 வாட் ஏறும். புதியவர்களுக்கும் உடல் எடை குறைந்தவர்களுக்கும் 50 வாட்டில் தொடங்கி நிமிடத்துக்கு 10 வாட் ஏறும் எளிய வடிவம் இருக்கிறது, அதையே எடுங்கள். இனி முடியாது என்னும்வரை மிதித்து, கடைசியில் சிறந்த ஒரு நிமிடத்தின் சராசரியில் 75 சதவீதம் உங்கள் எஃப்டிபி. அந்த நிமிடம் 200 வாட் என்றால் 150. பக்கத்து வீட்டுப் பையன் எண்ணைக் கேட்காதீர்கள். இந்த எண் கூடுதலாகப் போய்விட்டால் எல்லாப் பயிற்சியும் தண்டனையாகிவிடும். சந்தேகம் இருந்தால் ஐந்து வாட் குறைத்தே போடுங்கள்.

பயிற்சி தொடங்கியதும் டிரெயினர் எர்க் என்ற முறைக்குப் போகும். 120 வாட் என்றால், நீங்கள் எந்த வேகத்தில் மிதித்தாலும் 120 வாட்டைப் பிடித்துவைக்கும். வேகமாக மிதித்தால் சுமை குறையும், மெதுவாக மிதித்தால் சுமை கூடும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. களைப்பில் கால் மெதுவாகிறது, உடனே டிரெயினர் சுமையை ஏற்றுகிறது, கால் இன்னும் மெதுவாகிறது, இன்னும் ஏற்றுகிறது. அரை நிமிடத்தில் பெடல் சேற்றில் சிக்கியதுபோல் நின்றுவிடும். உங்களுக்குப் பலமில்லை என்று நினைத்து இறங்கிவிடாதீர்கள். கியரைத் தொடாதீர்கள். மிதிப்பதை நிறுத்துங்கள், சுமை இளகட்டும், நிமிடத்துக்கு 90 சுற்று வரும்வரை லேசாகச் சுழற்றுங்கள், பிறகு டிரெயினர் மெல்லச் சுமையைக் கொண்டுவரும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் முதல் வாரத்திலேயே டிரெயினரை விற்கக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பயிற்சி இல்லாமல் சும்மா ஓட்டும்போது மேட்டில் கால் ஓயுதா? ஸ்விஃப்டில் டிரெயினர் டிஃபிகல்ட்டி என்று ஓர் அளவுக்கோல் உண்டு, முதலிலேயே 50 சதவீதத்தில் இருக்கும். இன்னும் குறைத்துக்கொள்ளலாம். மலை ஏற அதே உழைப்புத்தான் வேண்டும், கியர் மட்டும் இலகுவாகும். ஏமாற்று ஒன்றுமில்லை.

இரண்டு செயலிகளை எடுத்து ஒவ்வொன்றையும் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். வாரத்தில் எத்தனை நாள் சீட்டில் ஏறினீர்கள் என்று காலண்டரில் குறியுங்கள். வேறு எந்த ஒப்பீடும் எனக்கு இதற்குமேல் உதவியதில்லை.

பணம் கட்டும்போது

ஸ்விஃப்ட் மாதம் 19.99 டாலர். ரூபாயில் ஆயிரத்து எழுநூறுக்கு மேல் போகும், வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு வங்கி பிடிக்கும் கட்டணம் தனி. 2020 முதல் புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அடைபட்டே வருகிறது. வங்கிச் செயலியில் போய் நீங்கள்தான் திறக்க வேண்டும். 2021 அக்டோபரிலிருந்து, மாதாமாதம் தானாகப் பிடிக்கும் பணத்துக்கு முன்கூட்டியே ஒப்புதல் பதிவு வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தப் பதிவு சரியாக இல்லாததால் என் சந்தா மூன்றாம் மாதம் நின்றுபோனது. வங்கியில் கேட்டால் கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள், கம்பெனியில் கேட்டால் வங்கியை. கடைசியில் போனின் ஆப் ஸ்டோர் கணக்கு வழியாகக் கட்டத் தொடங்கினேன், அதற்குப் பிறகு தொல்லையில்லை. இலவச நாட்கள் முடிவதற்கு இரண்டு நாள் முன்னதாகப் போனில் அலாரம் வையுங்கள். முதல் வருடம் ஆண்டுச் சந்தா வேண்டவே வேண்டாம்.

ஓட்டிய கணக்கு உங்கள் கையில் இருக்கட்டும். 2023இல் வாஹூ ஆர்ஜிடி என்ற செயலி மூடப்பட்டது. நன்றாக ஓடிய மெய்நிகர் உலகம்தான், ஆனாலும் போய்விட்டது. எந்தச் செயலியாக இருந்தாலும் முதல் நாளே ஓட்டங்களைப் பதிந்து வைக்கும் ஸ்ட்ராவாவோடு இணைத்துவிடுங்கள். இன்டர்வல்ஸ் டாட் ஐசியு என்ற தளத்திலும் சேருங்கள், காசு கட்டாமலே எல்லா ஓட்டத்தையும் அலசித் தரும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் அதன் முழுப் பதிவு அடங்கிய ஃபிட் கோப்பை இறக்கிக்கொள்ள முடிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நான் சந்தாவை நிறுத்திவிடுவேன். ஸ்விஃப்டில் நிறுத்தினாலும் ஓட்டிய கணக்கெல்லாம் அப்படியே இருக்கும், திரும்ப வந்து கட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த மூன்று மாதமும் பெங்களூர் விடியலில் குளிரும், சாலையும் காய்ந்திருக்கும். ஐந்து மணிக்கு விளக்கை மாட்டிக்கொண்டு ஹெப்பாள் தாண்டிவிட்டால், வெயில் ஏறுமுன் நந்தி அடிவாரம் போய்விடலாம்.